ஸ்கோப் பொருத்திய ரைஃபிளில் குண்டின் இறக்கத்தை ஈடுசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐம்பது மீட்டரில் காகித இலக்கின் நடுவில் ஒரே துளையாகச் சுடும் ரைஃபிள், எந்தத் திருகையும் தொடாமல் இருநூறு மீட்டர் இலக்கை நோக்கித் திருப்பப்பட்டால், நடுப்புள்ளிக்கு ஒன்றரை மீட்டருக்கும் கீழே மண்ணில் சுடும். துப்பாக்கியில் குறை இல்லை, சுட்டவரிடமும் இல்லை. குழலை விட்டு வெளியேறிய நொடியிலிருந்தே குண்டு கீழே விழத் தொடங்கிவிடுகிறது என்பதும், ஸ்கோப் (துப்பாக்கியின் மேலே பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) அதைத் தானாக அறிந்து சரிசெய்வதில்லை என்பதும்தான் காரணம். அந்த இறக்கத்தை அளந்து, எழுதி, ஸ்கோப்பின் திருகிலோ அதனுள் தெரியும் குறுக்குக் கோட்டிலோ ஈடுசெய்யும் முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

எடுத்துக்காட்டாக .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவையே பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். பெரிய ரைஃபிள்களில் 700, 800 மீட்டரில் கற்க வேண்டிய பாடங்களை இச்சிறிய தோட்டா 200 மீட்டருக்குள் கற்றுத் தந்துவிடுகிறது. விலையும் உதையும் குறைவு. நீண்ட சுடுதளமும் தேவையில்லை. இங்கே சொல்லப்படுபவை அனைத்தும் உரிமம் பெற்ற துப்பாக்கியுடன், குண்டைத் தடுக்கும் மண்மேடு உள்ள அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில், பொறுப்பாளரின் மேற்பார்வையில் செய்ய வேண்டியவை. இந்தியாவில் .22 ரைஃபிள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. அங்கே சிறு துளை வழியே குறிபார்க்கும் துளைப் பார்வைக் கருவிதான். ஆயினும் அதன் கிளிக் (திருகின் ஒரு சிறு நகர்வு) கணக்கும் கீழே வரும் கணக்கும் ஒன்றே என்பதால், சுடுதல் சங்கத்தில் துளைப் பார்வையுடன் சுடுபவருக்கும் இது பயன்படும்.

மூன்று கோடுகளைப் பிரித்துப் பாருங்கள்

திருகைத் தொடும் முன்பு மனத்தில் மூன்று கோடுகளை வரைந்துகொள்ள வேண்டும். முதலாவது குழல் கோடு; குழலின் துளை வழியே நேராக நீளும் கற்பனைக் கோடு. இரண்டாவது பார்வைக் கோடு; ஸ்கோப்பின் நடுவிலிருந்து இலக்குக்குச் செல்வது. இதுவும் நேர்க்கோடுதான். மூன்றாவது குண்டின் பாதை. இது மட்டுமே வளைவானது.

ஸ்கோப் குழலுக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டின் நடுக்கோடுகளுக்கும் இடையே பெரும்பாலும் 4 முதல் 5 செ.மீ. உயரம் இருக்கும். ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது உண்மையில் நாம் செய்வது, பார்வைக் கோடு கிடைமட்டமாக இருக்கையில் குழல் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி அமைப்பதுதான். ஆகவே குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து கிளம்பி, அதை ஒருமுறை மேல்நோக்கிக் கடந்து, சிறிது தூரம் அதற்கு மேலே பறந்து, பிறகு கீழ்நோக்கி மீண்டும் கடக்கிறது. 50 மீட்டருக்குச் சரிசெய்த .22 ரைஃபிளில் முதல் சந்திப்பு ஏறக்குறைய 16 மீட்டரிலும் இரண்டாவது சந்திப்பு 50 மீட்டரிலும் நிகழும்.

"குண்டு முதலில் மேலே ஏறும், பிறகு இறங்கும்" என்று சுடுதளங்களில் அடிக்கடி சொல்வார்கள். பார்வைக் கோட்டை வைத்துப் பார்த்தால் அது சரி. குழல் கோட்டை வைத்துப் பார்த்தால் தவறு. குழல் கோட்டுக்கு மேலே குண்டு ஒருபோதும் எழுவதில்லை. இந்த வேறுபாடு தெளிவாகாதவர் பின்னால் வரும் ஒவ்வொரு கணக்கிலும் தடுமாறுவார்.

விழும் அளவைத் தீர்மானிப்பது பறக்கும் நேரம். காற்றை மறந்துவிட்டால், நேரத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால், அதாவது 9.81ஆல் பெருக்கி, அதில் பாதியை எடுத்தால் விழுந்த தூரம் மீட்டரில் கிடைக்கும். வினாடிக்கு 326 மீட்டர் வேகத்தில் கிளம்பும் .22 குண்டு 100 மீட்டரை எட்ட ஏறத்தாழ 0.33 வினாடியும், 200 மீட்டரை எட்ட 0.7 வினாடியும் எடுக்கிறது. தூரம் இருமடங்கானபோது நேரம் இருமடங்குக்குச் சற்று அதிகமாகிறது. இறக்கமோ நான்கு மடங்கைத் தாண்டுகிறது. முதல் நூறு மீட்டரில் அமைதியாக இருக்கும் பாதை அடுத்த நூறில் சரிவது இதனால்தான். "நூறுக்கு இவ்வளவு என்றால் இருநூறுக்கு அதைப்போல இரண்டு பங்கு" என்ற கணக்கு இங்கே செல்லாது.

முதல் படி: அளவுகளைப் பழகுதல்

ஸ்கோப்பின் திருகு தூரத்தை அளப்பதில்லை, கோணத்தை அளக்கிறது. புழக்கத்தில் இரண்டு கோண அளவுகள் உள்ளன. ஒன்று மில்லிரேடியன், சுருக்கமாக மில். 1 மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 50 மீட்டரில் 5 செ.மீ., 200 மீட்டரில் 20 செ.மீ. மற்றொன்று எம்.ஓ.ஏ. எனப்படும் கோண நிமிடம். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அது 100 மீட்டரில் 2.91 செ.மீ., 100 கெஜத்தில் 1.047 அங்குலம். ஒரு மில் 3.44 எம்.ஓ.ஏ.வுக்குச் சமம்.

மில் ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் பெரும்பாலும் 0.1 மில், அதாவது 100 மீட்டரில் 1 செ.மீ. எம்.ஓ.ஏ. ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ.; 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மி.மீ. இவற்றில் எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. மீட்டரிலும் செ.மீ.யிலும் சிந்திப்பவருக்கு மில் எளிது என்பது என் கருத்து. அதைவிட முக்கியமானது வேறொன்று: குறுக்குக் கோட்டின் அளவும் திருகின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கோட்டில் மில், திருகில் எம்.ஓ.ஏ. என்று கலந்து வரும் பழைய ஸ்கோப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கியவர் ஒவ்வொரு சுடுதலுக்கும் 3.44ஆல் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் படி: ஸ்கோப்பை நிமிர்த்திப் பொருத்துதல்

ரைஃபிளை உறுதியான தாங்கியில் வைத்து, மேற்பகுதியில் சிறிய ரசமட்டத்தை வைத்துச் சமன் செய்யுங்கள். 50 மீட்டரில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, குறுக்குக் கோட்டின் செங்குத்துக் கோடு அந்த நூலோடு பொருந்தும்வரை ஸ்கோப்பைத் திருப்பி, வளையத் திருகுகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை? துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்தால், இறக்கத்துக்காக மேலே தூக்கிய கோணத்தில் ஒரு பகுதி பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஐந்து பாகை சாய்வு 50 மீட்டரில் ஏறக்குறைய 1 செ.மீ. பிழையைத்தான் தரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே ஐந்து பாகை 200 மீட்டரில் ஏறக்குறைய 19 செ.மீ. வலப்பக்கம் சாய்த்தால் குண்டு வலப்பக்கம் போகும். காற்றின் மீது பழி போடப்படும் பல பக்கவாட்டுப் பிழைகள் உண்மையில் சாய்வுப் பிழைகளே. ஸ்கோப்பின் உடலில் கட்டும் சிறு ரசமட்டத்தின் விலை ஒரு பெட்டித் தோட்டாவின் விலையைவிட அதிகமாக இருக்கலாம். அது தன் விலையை விரைவிலேயே திருப்பித் தந்துவிடும்.

பிறகு, குழல் நடுவுக்கும் ஸ்கோப் நடுவுக்கும் இடையேயான உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இறக்கத்தைக் கணக்கிடும் செயலியில் இது தேவைப்படும். அரை செ.மீ. பிழை பெரிய சேதம் செய்யாது, ஒரு செ.மீ. பிழை கிட்ட உள்ள இலக்குகளில் தெரியும்.

மூன்றாம் படி: ஜீரோ செய்தல்

ஜீரோ என்பது, திருகு பூஜ்யத்தில் நிற்கையில் குண்டும் பார்வைக் கோடும் சந்திக்கும் தூரம். .22 எல்.ஆர். ரைஃபிளுக்கு 50 மீட்டர் நல்ல தேர்வு. காற்றின் தாக்கம் குறைவு. ஒரு கிளிக் 5 மி.மீ. என்பதால் கணக்கும் எளிது.

முதலில் கண் முனையின் வளையத்தைத் திருப்பிக் குறுக்குக் கோடு கூர்மையாகத் தெரியும்படி செய்யுங்கள். அடுத்து, பக்கத் திருகால் பாரலாக்ஸை நீக்குங்கள். துப்பாக்கி அசையாமல் இருக்க, தலையைச் சற்று மேலும் கீழும் நகர்த்தும்போது குறுக்குக் கோடு இலக்கின் மீது நகரக் கூடாது. நகர்ந்தால் இன்னும் சரியாகவில்லை. பக்கத் திருகில் அச்சிட்டிருக்கும் தூர எண்களை நம்பாமல் இந்தச் சோதனையையே நம்புங்கள்.

பிறகு ஐந்து குண்டுகள் சுடுங்கள். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் திருகைத் திருப்பும் ஆசை எழும், அடக்கிக்கொள்ள வேண்டும். தனிக் குண்டு எதையும் சொல்லாது. குண்டுத் துளைகள் சேர்ந்த கூட்டத்தின் நடுப்புள்ளிதான் சொல்லும். அந்த நடு, இலக்கின் நடுவிலிருந்து 3.5 செ.மீ. கீழும் 1.5 செ.மீ. வலமுமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டரில் ஒரு கிளிக் அரை செ.மீ. ஆகையால் ஏழு கிளிக் மேலே, மூன்று கிளிக் இடப்பக்கம். திருகின் மீதுள்ள அம்புக்குறி குண்டு எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டுகிறது. குறுக்குக் கோடு நகரும் பக்கத்தை அல்ல. மாற்றிய பின் மீண்டும் ஐந்து குண்டுகள். நெருங்கிவிட்டதும் பத்துக் குண்டுகளாகச் சுட்டு உறுதி செய்யுங்கள்.

சரியானதும் திருகின் மூடியைத் தளர்த்தி, எண் வளையத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். பூஜ்யத்துக்குக் கீழே திரும்பாமல் தடுக்கும் நிறுத்தி உங்கள் ஸ்கோப்பில் இருந்தால் அதையும் அமையுங்கள். நான் ஒருமுறை 150 மீட்டரில் வைத்த உலோகத் தகட்டு இலக்கைச் சுட்டுவிட்டு, திருகைத் திருப்பி வைக்க மறந்து, 50 மீட்டர் காகிதத்துக்கு வந்தேன். நான்கு குண்டுகள் இலக்கிலேயே இல்லை. 5 மில் என்பது அங்கே 25 செ.மீ. மேலே, நான்கும் காகிதத்துக்கு மேலே உள்ள பலகையில் அழகான கூட்டமாக இருந்தன. அன்றிலிருந்து சுட்டு முடித்த ஒவ்வொரு முறையும் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டே துப்பாக்கியைக் கீழே வைக்கிறேன்.

நான்காம் படி: தோட்டாவையும் வேகத்தையும் அறிதல்

வேகத்தைப் பெட்டியின் மீது அச்சிட்ட எண்ணிலிருந்து எடுப்பது தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அது உற்பத்தியாளரின் சோதனைக் குழலில் கிடைத்தது. உங்கள் குழலின் நீளம் வேறு. சங்கத்தில் வேகமானி இருந்தால் பத்துக் குண்டுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சராசரியைவிட, குண்டுக்குக் குண்டு உள்ள ஏற்றத்தாழ்வு தொலைவில் அதிகம் பேசும். வினாடிக்கு 5 மீட்டர் மெதுவாகச் செல்லும் குண்டு 50 மீட்டரில் அரை செ.மீ.கூட மாறாது. 200 மீட்டரில் அது 6 முதல் 7 செ.மீ. கீழே போகும். எந்தத் திருகும் இதைச் சரிசெய்யாது. சீரான தோட்டா மட்டுமே சரிசெய்யும். ஆகவே ஒரே வகையை, முடிந்தால் ஒரே தொகுதி எண்ணில், மொத்தமாக வாங்கி வையுங்கள். தொகுதி மாறினால் ஜீரோவையும் மறுபடி பாருங்கள்.

அதிவேகத் தோட்டா இறக்கத்தைக் குறைக்கும் என்று நினைத்து அதை வாங்குபவர்கள் உண்டு. .22இல் அது பெரும்பாலும் ஏமாற்றமே தரும். ஒலியின் வேகம் 15 பாகை செல்சியஸில் வினாடிக்கு 340 மீட்டர். அதிவேகக் குண்டு அதற்கு மேலே, ஏறக்குறைய 380 மீட்டர் வேகத்தில் கிளம்பி, சிறிது தூரத்திலேயே ஒலி வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டு நிலைகுலைந்து கூட்டம் சிதறக்கூடும். தொடக்கத்திலிருந்தே ஒலி வேகத்துக்குக் கீழே பறக்கும் சாதாரண வேகத் தோட்டா அதிகம் விழுந்தாலும் ஒரே மாதிரி விழுகிறது. எவ்வளவு விழுகிறது என்று தெரிந்தால் ஈடுசெய்துவிடலாம். சிதறலை ஈடுசெய்ய வழியில்லை.

ஐந்தாம் படி: இறக்க அட்டவணை தயாரித்தல்

இலவசமாகக் கிடைக்கும் கணிப்பான் செயலிகளில் ஏதேனும் ஒன்றில் ஜீரோ தூரம், ஸ்கோப் உயரம், தொடக்க வேகம், குண்டின் பாலிஸ்டிக் கெழு, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பாலிஸ்டிக் கெழு என்பது காற்றின் தடையைக் குண்டு எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைக் காட்டும் எண். 40 கிரெயின் எடையுள்ள .22 குண்டுக்கு ஜி1 எனும் காற்றுத்தடை அளவையில் 0.13 அளவில் வைத்துத் தொடங்கலாம். ஜி7 அளவை நீண்டு குறுகிய நவீனப் போட்டிக் குண்டுகளுக்கானது; அதை இங்கே தேர்ந்தெடுத்தால் விடை தவறும்.

வினாடிக்கு 326 மீட்டர் வேகம், 4 செ.மீ. ஸ்கோப் உயரம், 50 மீட்டர் ஜீரோ, கடல் மட்டத்துக்கு அருகில் என்று கொண்டால் ஏறத்தாழ இப்படி வரும்:

25 மீட்டர்: 1 செ.மீ. மேலே, 0.4 மில் குறைக்க வேண்டும்
50 மீட்டர்: 0
75 மீட்டர்: 8 செ.மீ. கீழே, 1.1 மில் உயர்த்த வேண்டும் (கீழே வருவனவும் அப்படியே)
100 மீட்டர்: 22 செ.மீ. கீழே, 2.2 மில்
125 மீட்டர்: 45 செ.மீ. கீழே, 3.6 மில்
150 மீட்டர்: 75 செ.மீ. கீழே, 5.0 மில்
175 மீட்டர்: 114 செ.மீ. கீழே, 6.5 மில்
200 மீட்டர்: 162 செ.மீ. கீழே, 8.1 மில்

10 மீட்டரில் குண்டு இன்னும் பார்வைக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும், ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்து படும். கிட்டே இருக்கிறதே என்று நடுவைப் பார்த்துச் சுடுபவர் ஏன் தாழ்கிறது என்று வியப்பார்.

இந்த எண்களை உங்கள் துப்பாக்கிக்கு அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். இவை எங்கே தொடங்குவது என்பதை மட்டுமே சொல்கின்றன. செயலி எவ்வளவு அழகான வரைபடம் காட்டினாலும், அது நாம் கொடுத்த வேகத்துக்கும் கெழுவுக்கும் விடை சொல்கிறதே தவிர, நம் குழலைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த நல்ல சுடுநர்கள் அனைவரும் செயலியில் தொடங்கி, காகிதத்தில் முடிப்பவர்கள்.

ஆறாம் படி: காகிதத்தில் சரிபார்த்தல்

100 மீட்டரில் இலக்கு வைத்து, திருகை 2.2 மில் உயர்த்தி, நடுவைப் பார்த்துப் பத்துக் குண்டுகள் சுடுங்கள். கூட்டத்தின் நடு 2 செ.மீ. தாழ்ந்திருந்தால், உங்கள் துப்பாக்கிக்கு வேண்டியது 2.4 மில். அதையே எழுதுங்கள். பின் 150, அதன் பின் 200. ஒவ்வொரு தூரத்திலும் கிடைத்த உண்மையான எண்ணைக் குறித்த பிறகு, செயலிக்குத் திரும்பி, கொடுத்திருந்த வேகத்தைச் சிறிது மாற்றி, செயலியின் எண்ணும் உங்கள் எண்ணும் பொருந்தும்படி செய்யுங்கள். 100 மீட்டரில் பொருந்தி 200 மீட்டரில் விலகினால், வேகத்தை விட்டுவிட்டுக் கெழுவைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

செயலி ஒன்று சொல்ல, காகிதம் வேறொன்று சொன்னால், மூன்றாவதாக ஒரு சந்தேக நபர் உண்டு: ஸ்கோப்பின் திருகு. 1 மில் திருப்பினால் உண்மையிலேயே 1 மில் நகர்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். 50 மீட்டரில் உயரமான காகிதம் ஒன்றை ஒட்டி, தூக்குநூலைக் கொண்டு நேர்க்கோடு வரைந்து, அதன் அடியில் ஒரு புள்ளி வையுங்கள். பூஜ்யத்தில் ஐந்து குண்டுகள். பிறகு 8 மில் உயர்த்தி, அதே புள்ளியைப் பார்த்து ஐந்து குண்டுகள். இரண்டு கூட்டங்களின் நடுவுக்கும் இடையே 40 செ.மீ. இருக்க வேண்டும். 39 செ.மீ. மட்டுமே இருந்தால் திருகு 2.5 சதவீதம் குறைவாக நகர்கிறது என்று பொருள், 8.1 தேவைப்படும் இடத்தில் 8.3 திருப்ப வேண்டும். மேல் கூட்டம் வரைந்த கோட்டை விட்டு விலகியிருந்தால் ஸ்கோப் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். கடைசியாகப் பூஜ்யத்துக்கு இறக்கிச் சுடும்போது முதல் கூட்டத்தின் மீதே விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ஸ்கோப்பைக் கொண்டு இறக்கத்தை ஈடுசெய்ய முடியாது. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

திருகு போதுமான அளவு திரும்புமா என்பதும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். மொத்தம் 60 எம்.ஓ.ஏ. நகரும் ஸ்கோப்பில், நடுவில் ஜீரோ ஆனால் மேலே எஞ்சுவது 30 எம்.ஓ.ஏ., அதாவது 8.7 மில். 200 மீட்டருக்கு அது மயிரிழையில் போதும். அதற்கு மேல் போதாது. 20 எம்.ஓ.ஏ. முன்சாய்வு கொண்ட தளத்தின் மீது ஸ்கோப்பைப் பொருத்தினால் மேலும் 5.8 மில் கிடைக்கும்.

திருகுவதா, உயர்த்திப் பிடிப்பதா?

அட்டவணை கையில் வந்த பிறகு அதைப் பயன்படுத்த இரண்டு வழிகள். திருகைத் திருப்பி, குறுக்குக் கோட்டின் நடுவையே இலக்கில் வைத்துச் சுடுவது ஒன்று. திருகைத் தொடாமல், குறுக்குக் கோட்டின் கீழ்க் கையில் உள்ள மில் அடையாளத்தை இலக்கில் வைப்பது மற்றொன்று. 100 மீட்டர் இலக்குக்கு 2.2 மில் வேண்டுமென்றால், இரண்டாவது அடையாளத்துக்குச் சற்றுக் கீழே உள்ள இடத்தை நடுப்புள்ளியில் வைக்க வேண்டும்.

நேரம் இருந்தால் திருகுவதே துல்லியம். பல தூரங்களில் தகடுகள் வைத்து, குறித்த நேரத்துக்குள் சுட வேண்டிய போட்டிகளில் உயர்த்திப் பிடிப்பதே வேகம். நான் 100 மீட்டருக்கு அப்பால் எப்போதும் திருகவே செய்கிறேன். வெறும் இடைவெளியில் மிதக்கும் ஒரு புள்ளியை மனத்தால் நிறுத்துவது என் கண்ணுக்கு ஒத்துவருவதில்லை. பழகியவர்கள் அதையும் வியக்கத்தக்க துல்லியத்துடன் செய்கிறார்கள்.

உயர்த்திப் பிடிப்பவர் தம் ஸ்கோப் முதல் குவியத் தளத்தைச் சேர்ந்ததா, இரண்டாம் குவியத் தளத்தைச் சேர்ந்ததா என்று கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். முதல் வகையில் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது குறுக்குக் கோடும் சேர்ந்து பெரிதாகிறது. ஆகவே 1 மில் அடையாளம் எந்தப் பெருக்கத்திலும் 1 மில்தான். இரண்டாம் வகையில் கோடு அப்படியே இருக்க, படம் மட்டும் பெரிதாகிறது. அடையாளங்கள் ஒரே ஒரு பெருக்கத்தில் மட்டுமே, பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில், உண்மையானவை. 24 மடங்கில் சரியாக இருக்கும் கோடு 12 மடங்கில் இரட்டிப்பு அளவைக் காட்டும்; 2 மில் என்று நினைத்துப் பிடித்தது 4 மில் ஆகிவிடும். 100 மீட்டரில் அது 20 செ.மீ. பிழை. திருகுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

"100, 200, 300" என்று தூரங்களையே அடையாளமாக இட்ட கோடுகளும் விற்பனைக்கு உண்டு. அவை குறிப்பிட்ட ஒரு தோட்டாவையும் வேகத்தையும் எண்ணி வரையப்பட்டவை. உங்களுடையது வேறாக இருந்தால், ஒவ்வொரு அடையாளமும் உண்மையில் எந்தத் தூரத்துக்குப் பொருந்துகிறது என்று சுட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவையும் பயன்படும்.

தூரத்தை அறிதல்

அட்டவணை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தூரம் தவறானால் பயனில்லை. 50 மீட்டர் என்று நினைத்தது 55 ஆனால் ஏறக்குறைய ஒரு செ.மீ.தான் மாறும். 200 என்று நினைத்தது 210 ஆனால், குண்டு அந்த இடத்தில் வேகமாகச் சரிந்துகொண்டிருப்பதால், ஏறக்குறைய 14 செ.மீ. தாழும். அளந்து குறித்த சுடுதளத்தில் இந்தக் கவலை இல்லை. தகடுகள் சிதறி வைக்கப்பட்ட இடத்தில் லேசர் தொலைவுமானியே நம்பத் தக்கது. அது இல்லையென்றால் குறுக்குக் கோடே அளவுகோல்: இலக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஆயிரத்தால் பெருக்கி, அது கோட்டில் எத்தனை மில் மறைக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும். 30 செ.மீ. தகடு 2 மில் மறைத்தால் தூரம் 150 மீட்டர். ஆனால் 2 மில்லை 1.9 என்று படித்தாலே 158 என்று விடை வரும்; .22க்கு அது அதிகப் பிழை.

மலைச்சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுடும்போது, சாய்ந்த தூரத்தை விட்டுவிட்டுக் கிடைமட்டத் தூரத்துக்கான எண்ணைப் பயன்படுத்த வேண்டும். 30 பாகைச் சரிவில் 150 மீட்டர் என்பது 130 மீட்டராகவே கணக்கில் வரும். மேலே ஆனாலும் கீழே ஆனாலும் குண்டு உயர்ந்தே படும்.

வானிலை

200 மீட்டருக்குள் சுடும் .22க்கு வானிலையின் பங்கு சிறியது. ஆனால் இல்லாமல் இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. உயரமான இடத்தில் காற்று மெலிந்தது. 2,000 மீட்டர் உயரத்தில் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைகிறது. சமவெளியில் தயாரித்த அட்டவணையை மலைக்கு எடுத்துச் சென்றால் குண்டு சற்று உயரும். வெடிமருந்தும் வெயிலில் சூடானால் வேகமாக எரியும். தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். அட்டவணையின் தலைப்பில் அன்றைய வெப்பநிலையை எழுதும் பழக்கம் இருந்தால், ஆறு மாதம் கழித்து ஏன் ஒரு கிளிக் மாறியது என்று குழம்ப வேண்டியிருக்காது. பக்கக் காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளுவது வேறு பாடம்; இறக்கத்தைக் கற்கும் நாள்களில் காற்றில்லாத காலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பெரிய ரைஃபிளுக்கு மாறும்போது

முறை மாறுவதில்லை, எண்கள் மாறுகின்றன. 168 கிரெயின் குண்டை வினாடிக்கு ஏறக்குறைய 808 மீட்டர் வேகத்தில் செலுத்தும் .308 வின்செஸ்டர் ரைஃபிளை 100 மீட்டரில் ஜீரோ செய்தால், 300 மீட்டருக்கு 1.6 மில் அளவிலும், 600 மீட்டருக்கு 5 மில்லைச் சற்றுத் தாண்டியும் உயர்த்த வேண்டியிருக்கும். 200 மீட்டருக்கு .22 கேட்கும் 8 மில்லை இதனோடு ஒப்பிட்டால், சிறிய தோட்டாவில் பழகியவர் ஏன் பெரிய தூரத்தில் திகைப்பதில்லை என்பது விளங்கும்.

ஸ்கோப்புடன் நெடுந்தூரம் சுடுவதற்கென்றே உள்ள போட்டி எஃப்-கிளாஸ். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவார்சனின் பெயரின் முதலெழுத்தே அந்த எஃப். அதில் எஃப்-டி.ஆர். பிரிவு .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்ற இரண்டு தோட்டாக்களை மட்டும் அனுமதிக்கிறது. 1,000 கெஜம் வழக்கமான தூரம். இங்கிலாந்தின் பிஸ்லியில், 1890இல் விம்பிள்டனிலிருந்து இடம்பெயர்ந்த தேசிய ரைஃபிள் சங்கத்தின் வளாகத்தில், ஸ்டிக்கிள்டவுன் என்ற சுடுதளம் 1,200 கெஜம் வரை நீள்கிறது. அங்கே நிற்பவர் .308ஐக் கொண்டு 1,000 கெஜம் சுட, 100 கெஜ ஜீரோவிலிருந்து 30 எம்.ஓ.ஏ.வுக்கும் மேல் உயர்த்த வேண்டும். ஒரு கால் எம்.ஓ.ஏ. கிளிக் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 6.6 செ.மீ. ஆகவே அங்கும் தூரத்துக்குத் தூரம் எழுதி வைத்த குறிப்பேடு கையில் இருக்கும்; முதல் குண்டுக்கு முன் அதைத்தான் திறக்கிறார்கள்.

அந்தக் குறிப்பேட்டை நீங்களும் முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தோட்டாவின் தொகுதி எண், வெப்பநிலை, தூரம், திருகிய மில், கூட்டத்தின் நடு எங்கே விழுந்தது என்ற ஆறு செய்திகள் போதும். பத்துப் பக்கங்கள் நிறைந்ததும் அவற்றிலிருந்து ஒரு சிறிய அட்டையில் தூரத்தையும் மில்லையும் மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, துப்பாக்கியின் கட்டையில் கண் படும் இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள், அடுத்த தொகுதித் தோட்டா வரும்போது சில எண்களை அழிக்க வேண்டியிருக்கும்.